ஃபவுண்டேஷன் நாவல்களை எதில் தொடங்குவது? காசும் மாதங்களும் போன பிறகு எனக்குத் தெரிந்தவை

ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் நாவல்களை வாசிக்கலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், காசை எடுத்து வைக்க முதல் இதை ஒருக்கா வாசித்துவிடுங்கள். அவர் எழுதிய தொடரில் ஏழு நாவல்கள். அந்த ஏழையும் எந்த ஒழுங்கில் வாசிப்பது என்பதில் பெரிய இழப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. எனக்கு முன்னால் வாசித்த ஒருவர் ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். சொல்ல ஆளில்லை. மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு ஆங்கில விஞ்ஞானப் புனைகதை வாசிக்கிற இன்னொருவரை அந்த நேரம் எனக்குத் தெரியாது. அந்த ஒரு வசனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அச்சில் வந்த ஒழுங்கில் வாசியுங்கள், 1951 இல் வந்த 'ஃபவுண்டேஷன்' என்ற ஒற்றைச் சொல் தலைப்புள்ள நாவலில் தொடங்குங்கள். கதைக்குள் முந்தி நடப்பது என்பதற்காக 1988 இல் வந்ததை முதலில் கையில் எடுக்காதீர்கள். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மிச்சம். கதையின் பெரிய இரகசியங்களை நான் உடைக்க மாட்டேன். பயப்படாமல் வாசிக்கலாம்.

நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் டியூஷன் கொடுக்கிறவள். அசிமோவை எனக்கு முதலில் தெரிந்தது கதைகாரராக அல்ல. அவர் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியல் படிப்பித்தவர், பொதுமக்களுக்காக விஞ்ஞானத்தை எளிமையாக எழுதியவர். அந்தக் கட்டுரைகள் சில படிக்கிற காலத்தில் கையில் கிடைத்தன. ஃபவுண்டேஷன் கதையின் கரு என்னவென்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அதை வாசித்தே ஆக வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஹரி செல்டன் என்றொரு கணிதவியலாளர். பால்வெளி முழுவதையும் ஆளும் பேரரசு விழப்போகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார். விழுந்தால் 30,000 ஆண்டு இருள். அந்த இருளை 1,000 ஆண்டாகக் குறைக்க ஒரு திட்டம் போடுகிறார். ஒரு தனி மனிதன் என்ன செய்வான் என்று அவருடைய கணக்குக்குச் சொல்லத் தெரியாது. கோடானுகோடிப் பேர் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தெரியும். வாயு மூலக்கூறு ஒன்று எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல ஏலாது, ஆனால் கொள்கலம் நிறைய வாயு இருந்தால் அமுக்கம் எவ்வளவு என்று சமன்பாடு சொல்லிவிடும். ஒவ்வொரு வருடமும் நான் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிற விஷயம். அதிலிருந்து ஒருவர் ஒரு நாவல் தொடரையே எழுப்பியிருக்கிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கியது 2022 இல். அந்த வருடத்தை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 தாண்டியது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். வகுப்புகள் பாதி நின்றுபோயின. பொழுது நிறையக் கிடந்தது, காசுதான் இல்லை. மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக்கடைகளில் நான் தேடியவரை பாடப்புத்தகம், பாஸ்ட் பேப்பர், பயிற்சிப் புத்தகம்தான். ஆங்கில நாவல் என்றால் ஓரமாக ஒரு தட்டு. இணையத்தில் பழைய புத்தகம் விற்கிற ஒருவர் 'அசிமோவின் ஃபவுண்டேஷன் முழுத் தொடர், ஏழும், வாசிக்க வேண்டிய ஒழுங்கில்' என்று போட்டிருந்தார். கூரியர் செலவோடு 18,500 ரூபாய். அந்த மாதம் அது எங்கள் வீட்டுக்குப் பெரிய காசு. அம்மா கேட்டா, "ஏன் புள்ள, இந்த நேரத்தில இது தேவைதானா? அரிசி விலை தெரியுமா உனக்கு?" நான் பதில் சொல்லவில்லை. சேர்த்து வைத்திருந்த டியூஷன் காசிலிருந்து அனுப்பினேன்.

பார்சல் வந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, நீலப் பேனையால் 1, 2, 3 என்று இலக்கம். 1 என்று ஒட்டியிருந்தது 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்'. 2, 'ஃபோர்வர்ட் த ஃபவுண்டேஷன்'. மூன்றாவதாகத்தான் 'ஃபவுண்டேஷன்' நின்றது. விற்பவர் ஒழுங்காக அடுக்கித் தந்திருக்கிறார் என்ற நன்றியோடு முதலாம் இலக்கத்தை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ரோச் வெளிச்சத்தில் தொடங்கினேன்.

பிரிலூட் நல்ல நாவல். அதை மறைக்கக் கூடாது. இளம் ஹரி செல்டன், தலைநகரக் கிரகமான டிரான்டரில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு ஓடி ஒளிந்து திரிகிறார். கிரகம் முழுவதும் கூரை போட்ட நகரம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு சாப்பாடு, ஒவ்வொரு வழக்கம், ஒவ்வொரு பெருமை. விடாமல் வாசித்தேன். கடைசி அத்தியாயங்களில் ஒரு மனிதரைப் பற்றிய உண்மை வெளிப்படுகிறது. ஆசிரியர் அதைப் பெரிய அதிர்ச்சியாகத்தான் வைத்திருக்கிறார் என்பது எழுத்தின் வேகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஒன்றும் பற்றவில்லை. யார் இந்த ஆள், இதில் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று இருந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த அதிர்ச்சிக்கான அத்திவாரம் 1950களிலிருந்து அவர் எழுதிய வேறு நாவல்களில் போடப்பட்டிருக்கிறது. அவற்றை வாசித்தவருக்கு அந்தப் பக்கம் வேறு. எனக்கு அது வெறும் தகவல்.

அடுத்தது ஃபோர்வர்ட். அசிமோவ் 1992 ஏப்ரலில் இறந்தார், இந்த நாவல் 1993 இல் வந்தது. செல்டன் கிழவராகிறார், நெருங்கிய ஆட்கள் ஒவ்வொருவராக அவரை விட்டுப் போகிறார்கள். எழுதிய மனிதரின் கடைசிக் காலம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. வாசித்து அழுதேன். ஆனால் தொடரின் நடு இரகசியம் ஒன்றும் அதிலேயே கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது. செல்டன் இரண்டு ஃபவுண்டேஷன்களை அமைக்கிறார். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, பால்வெளியின் ஓரத்தில் டெர்மினஸ் என்ற கிரகத்தில். மற்றது எங்கே, எதற்கு என்பதுதான் 1953 இல் வந்த 'செகண்ட் ஃபவுண்டேஷன்' நாவலின் முழு மூச்சும். ஒருவர் ஒரு விடை சொல்வார், சரிதான் என்று நினைப்போம், அடுத்தவர் அதை உடைத்து இன்னொரு விடை வைப்பார். கடைசி வரியில் உண்மை வந்து விழும். அந்தக் கடைசி வரிக்காகவே உலகம் முழுவதும் ஆட்கள் அந்தப் புத்தகத்தைக் கொண்டாடுகிறார்கள். நான் அதை வாசித்தது, விடைத்தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பாஸ்ட் பேப்பர் செய்வது போலத்தான். ஒவ்வொரு தவறான விடையும் தவறு என்று முதலிலேயே தெரியும். சந்தேகப்பட இடமே இல்லை. புத்தகத்தை மூடியபோது எனக்கு வந்தது கோபம், அதற்குப் பின்னால் ஒரு துக்கம். முதல் தரம் வாசிப்பது என்பது ஒருவருக்கு ஒரு தரம்தான் கிடைக்கும். அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க ஏலாது.

இடையில் நடந்த இன்னொன்று. 3 என்று ஒட்டியிருந்த 'ஃபவுண்டேஷன்' தொடங்குவது, கால் டோர்னிக் என்ற கிராமத்துப் பெடியன் முதன்முதலாக டிரான்டரில் வந்து இறங்குவதில். ஒரு வானத்தைக்கூடக் காண முடியாத அந்த உலோக உலகத்தைப் பார்க்க அவன் உயரத்திலுள்ள பார்வைக் கோபுரத்துக்குப் போகிறான், அடிவானம் வரை உலோகம்தான் தெரிகிறது. அவனோடு சேர்ந்து நாமும் வாயைப் பிளக்க வேண்டும் என்றுதான் ஆசிரியர் அவனைப் பட்டிக்காட்டிலிருந்து கூட்டி வருகிறார். எனக்கோ டிரான்டரின் மூலைமுடுக்கெல்லாம் ஏற்கெனவே தெரியும். அதைவிட, இரண்டு தடித்த நாவல்களில் நான் பழகிய செல்டன் முதலாம் பகுதியோடு கதையிலிருந்து போய்விடுகிறார். அடுத்த பகுதி 50 வருடம் கழித்து, புது ஆட்கள். அதற்கடுத்தது இன்னும் 30 வருடம் கழித்து. செல்டனுக்காக வாசித்துக்கொண்டு வந்த எனக்குக் கை உடைந்த மாதிரி இருந்தது. அந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் தொடவில்லை. புத்தகம் சரியில்லை என்றே முடிவெடுத்துவிட்டேன். ஒழுங்குதான் பிழை என்று தெரிய நெடுநாள் பிடித்தது.

தெரிந்தது இப்படித்தான். மாரி மழை தொடங்கியதும் அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று பார்க்கப் புத்தகங்களை வெளியே எடுத்து அடுக்கினேன். சும்மா இருக்கிற நேரம் ஒவ்வொன்றாகத் திறந்து, தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் பதிப்புரிமை ஆண்டைப் பார்த்தேன். 1951, 1952, 1953. பிறகு 1982. பிறகு 1988, 1993. மிச்சம் ஒன்றின் கதையைப் பிறகு சொல்கிறேன். ஸ்டிக்கர் இலக்கமும் ஆண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. யார் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் அந்தப் பக்கம் பொய் சொல்லாது. தொடராக வருகிற எந்தப் பழைய நாவலை வாங்கினாலும் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: மறுபதிப்பு ஆண்டையும் அதே பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். எல்லாவற்றிலும் பழைய ஆண்டு எதுவோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் பிரிலூட் நாவலின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. அசிமோவ் அங்கே ஒரு ஆசிரியர் குறிப்பு எழுதி, தன்னுடைய ரோபோ நாவல்கள், பேரரசு நாவல்கள், ஃபவுண்டேஷன் நாவல்கள் எல்லாவற்றையும் கதைக்குள் ஓடும் காலத்தின்படி வரிசைப்படுத்தித் தருகிறார். இது எதிர்கால வரலாற்றின் வரிசை, வெளிவந்த வரிசை அல்ல என்று அவரே தெளிவாகச் சொல்கிறார். இந்த நாவல்களைத் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று பொருந்தத் திட்டமிடவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். குறிப்பை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் பிரதி பண்ணினால் அது வாசிக்க வேண்டிய வரிசை மாதிரித் தெரியும். எனக்கு விற்றவரும் அப்படி எங்கோ கண்ட பட்டியலைப் பார்த்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும்.

வெளிவந்த ஒழுங்கு ஏன் சரி என்பதற்கு இரகசியங்கள் மட்டும் காரணம் அல்ல. இந்தக் கதைகள் முதலில் புத்தகமாகவே எழுதப்படவில்லை. 1942 இலிருந்து 1950 வரை 'அஸ்டவுண்டிங்' என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் சிறுகதையும் குறுநாவலுமாக வந்தன. ஆசிரியர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர், ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய வரலாற்றை வாசித்த பாதிப்பில் தொடங்கியவர். பிறகு அவை மூன்று புத்தகங்களாயின. அந்த மூன்றிலும் கணினி என்று சொல்லத்தக்கது இல்லை, ரோபோ இல்லவே இல்லை. அணுசக்தி இருக்கிறது, ஆட்கள் சுருட்டுப் பிடிக்கிறார்கள், பத்திரிகை வாசிக்கிறார்கள். இந்தத் தொடரை முப்பது வருடம் எழுதாமல் விட்டு 1982 இல் திரும்பி வரும்போது, கப்பலின் கணினியோடு கைகளை வைத்தே பேசுகிற ஆட்கள் வருகிறார்கள். உலகம் மாறிவிட்டது, ஆசிரியரும் மாறிவிட்டார். வெளிவந்த ஒழுங்கில் வாசித்தால் அந்த வளர்ச்சி கண்முன்னால் நடக்கும். கதைக்காலத்தின்படி வாசித்தால் 1988 இன் தொழில்நுட்பத்திலிருந்து திடீரென்று 1942 க்கு விழுவீர்கள், முன்னுக்குப் போக வேண்டிய எதிர்காலம் பின்னுக்குப் போன மாதிரி இருக்கும்.

பெண் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாவது புத்தகத்தில் பெண்களைத் தேட வேண்டும். கதை நடக்கும் இடமெல்லாம் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டாவது புத்தகத்தில் பேட்டா வருகிறாள், ஒரு பேரரசே செய்ய முடியாததை அவள் செய்கிறாள். மூன்றாவதில் ஆர்காடி என்ற 14 வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுத வேண்டும், அவள் பேசப் பேச அழகான கையெழுத்தில் தானே எழுதிக்கொடுக்கிற ஒரு இயந்திரம் வீட்டில் இருக்கிறது. 1949 இல் எழுதியது. இன்றைக்கு என் மாணவிகள் போனைப் பார்த்துப் பேச, அது எழுத்தாக விழுகிறது. அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

2022 இல் வாசித்ததால் எனக்குள் ஆழமாக இறங்கிய ஒரு இடமும் உண்டு. பேரரசின் பிடி விட்டுப்போன ஓரத்துக் கிரகங்களில் அணுமின் நிலையத்தைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாமல் போகிறார்கள். நிலையங்கள் நின்றுபோக, விண்கலம் ஓட்டுகிற மனிதர்கள் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் திரும்புகிறார்கள். ஒரு பெரிய அமைப்பு ஒரே நாளில் இடிந்து விழாது. முதலில் உதிரிப்பாகம் கிடைக்காது, பிறகு திருத்தத் தெரிந்தவர் நாட்டை விட்டுப் போவார், பிறகு விளக்கு அணையும். மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு வரிசையில் நின்றுவிட்டு வந்து அதை வாசித்தபோது, எண்பது வருடத்துக்கு முன் நியூயோர்க்கில் ஒரு இளைஞர் எழுதியது என்று நம்ப முடியவில்லை. சரியான ஒழுங்கில், மனதில் எரிச்சல் இல்லாமல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இனி ஒழுங்கு. 'ஃபவுண்டேஷன்', 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்', 'செகண்ட் ஃபவுண்டேஷன்'. இந்த மூன்றும் ஒரு முழு அனுபவம். இங்கேயே நிறுத்தினாலும் குறை இல்லை. 1966 இல் எக்காலத்துக்கும் சிறந்த தொடர் என்று, விஞ்ஞானப் புனைகதைக்குக் கொடுக்கிற ஹியூகோ விருது வாங்கியபோது இருந்தவை இந்த மூன்றும்தான். தொடர விருப்பம் என்றால் அடுத்தது 1982 இன் 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்', பிறகு 1986 இன் 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்', கடைசியில்தான் 'பிரிலூட்', 'ஃபோர்வர்ட்' இரண்டும். 'எட்ஜ்' நாவலை மூன்றுக்கும் முதல் புரட்டிக்கூடப் பார்க்க வேண்டாம், தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம் இருக்கிறது, பாதி இரகசியம் அதில் போய்விடும். இன்னொன்றையும் இப்போதே தெரிந்து வைத்திருங்கள்: செல்டனின் திட்டம் 1,000 ஆண்டு, கதை ஏறக்குறைய 500 ஆண்டோடு நின்றுவிடுகிறது. 1986 நாவலுக்கு அப்பால் அவர் கதையை முன்னுக்குக் கொண்டு போகவில்லை, பின்னுக்குத் திரும்பிச் செல்டனின் வாழ்க்கையை எழுதினார். ஆயிரமாவது ஆண்டில் என்ன நடந்தது என்று தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

ரோபோ நாவல்களை எங்கே சேர்ப்பது என்பதுதான் ஆட்கள் அதிகம் சண்டை பிடிக்கிற விஷயம். என் தீர்ப்பு இது. முதல் மூன்று ஃபவுண்டேஷன் முடிந்ததும் 'த கேவ்ஸ் ஒஃப் ஸ்டீல்', 'த நேக்கட் சன்' இரண்டையும் வாசியுங்கள். 1954, 1957. துப்பறியும் கதைகள், வேகமானவை, இந்தத் தொடரோடு தொடர்பே இல்லாதவை மாதிரி இருக்கும். பிறகு 'எட்ஜ்', பிறகு 1983 இன் 'த ரோபோட்ஸ் ஒஃப் டோன்', 1985 இன் 'ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்', அதற்குப் பிறகு 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்'. தனித்தனியே எழுதிய இரண்டு உலகங்களை அவர் 1980களில் ஒன்றாகத் தைக்கிறார். இரண்டு துணியையும் கண்டவருக்குத்தான் தையல் தெரியும். எனக்கு 'பிரிலூட்' இல் பற்றாமல் போன அதிர்ச்சி, இந்த வழியில் வந்தவருக்குப் பற்றும். 'பெபிள் இன் த ஸ்கை' முதலான மூன்று பேரரசு நாவல்களை எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம், வாசிக்காமலும் விடலாம். காசு மட்டு என்றால் அவற்றை வாங்க வேண்டாம்.

காசைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். என் பார்சலில் 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' இருக்கவில்லை. அதன் இடத்தில் 'ஃபவுண்டேஷன்ஸ் ஃபியர்' இருந்தது. அட்டையில் ஃபவுண்டேஷன் என்ற சொல் பெரிதாகத் தெரிந்தது. அது அசிமோவ் எழுதியதல்ல. அவர் இறந்த பிறகு 1997 இல் கிரெகரி பென்ஃபோர்ட் எழுதியது. அதைத் தொடர்ந்து கிரெக் பேர் ஒன்றும் டேவிட் பிரின் ஒன்றும் எழுதினார்கள். அவை தரமற்றவை என்று நான் சொல்லவில்லை, ஆனால் 'முழுத் தொடர், அசிமோவ்' என்று விற்றால் அது ஏமாற்று. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. விடுபட்டதைத் தனியாக வாங்க இன்னொரு 3,000 ரூபாய்க்குக் கிட்டப் போனது. வாங்க முதல் ஏழு அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஆசிரியர் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். மறுத்தால் வாங்காதீர்கள்.

ஒன்றையே இரண்டு தரம் வாங்குகிற ஆபத்தும் உண்டு. முதல் மூன்று நாவல்களையும் ஒரே கட்டாக 'த ஃபவுண்டேஷன் டிரிலொஜி' என்று விற்பார்கள், அது இருந்தால் தனித்தனியாகத் தேவையில்லை. 1950களில் அமெரிக்காவில் முதல் நாவலை 'த தௌசண்ட் இயர் பிளான்' என்றும் இரண்டாவதை 'த மேன் ஹூ அப்செட் த யூனிவேர்ஸ்' என்றும் பெயர் மாற்றி மலிவுப் பதிப்பாகப் போட்டார்கள். பழைய புத்தகக் குவியலில் அந்தப் பெயரைக் கண்டால் புது நாவல் என்று நினைக்க வேண்டாம். 'த கம்ப்ளீட் ரோபோட்' வைத்திருப்பவருக்கு 'ஐ, ரோபோட்' கதைகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன, கதைகளைக் கோக்கிற இடைப்பகுதிகள்தான் இல்லை.

எங்கே வாங்குவது என்றால், கொழும்புக்குப் போகிற வேலை இருக்கும்போது டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கிற பழைய புத்தகக் கடைகளை ஒரு அரைநாள் ஒதுக்கிப் பாருங்கள். நான் கோச்சியில் போய் இறங்கி நேரே அங்கே போனேன். பக்கத்தைத் திருப்பி ஆண்டைப் பார்க்கலாம், கிழிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், விலை பேசலாம். இணையத்தில் இந்த மூன்றும் முடியாது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கிற புத்தகக் கண்காட்சியில் புதுப் பதிப்புகள் கிடைக்கும். ஏழையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். 1951 இன் முதல் புத்தகத்தை மட்டும் வாங்குங்கள். அது பிடித்தால் அடுத்தது. பிடிக்காவிட்டால் போனது ஒரு புத்தகத்தின் காசு. வாங்கிய பிறகு சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம், எங்கள் பக்கத்து உப்புக் காற்றும் மாரி ஈரமும் பழைய கடதாசியை இரண்டு பருவத்தில் தின்றுவிடும்.

தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். அசிமோவின் வசனம் சிறியது, பெரும்பகுதி உரையாடல். பெயர்கள்தான் தொல்லை. முதல் புத்தகத்தில் ஐந்து பகுதி, பகுதிக்குப் பகுதி ஆட்கள் மாறுவார்கள். ஒரு கொப்பியில் பகுதியின் பெயர், அதன் முக்கிய ஆள், எத்தனை வருடம் தாண்டியது, இந்த மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். சல்வோர் ஹார்டின் என்ற மேயர் வரும் பகுதிகளில் நீங்கள் கதைக்குள் போய்விடுவீர்கள். அதற்கு முதல் கைவிடக் கூடாது.

2021 இலிருந்து ஆப்பிள் டிவியில் (முந்தி ஆப்பிள் டிவி பிளஸ்) வருகிற தொடரைப் பார்த்துவிட்டு வாசிக்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வாசித்துவிட்டுப் பாருங்கள். கதையை நிறைய மாற்றியிருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் 'பிரிலூட்' கடைசிவரை ஒளித்து வைக்கிற விஷயம் அங்கே தொடக்கப் பாகங்களிலேயே வெளியில் இருக்கிறது.

என் அக்காவின் மகளுக்குப் போன வருடம் 1951 புத்தகத்தைக் கொடுத்தேன், ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு. உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாள். இரண்டாவது புத்தகத்தின் பிற்பாதியில் ஒரு இடம் வரும். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "சித்தி, இது எப்படி நடக்கும்? செல்டன் சொன்ன மாதிரி வரலியே! இனி என்ன ஆகும்? இல்ல, சொல்லாதீங்க, சொல்லாதீங்க!" அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குக் கிடைக்காமல் போனது அவளுக்குக் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான்.

இதை வாசிக்கிற நேரம் யாராவது 'பிரிலூட்' நாவலின் பாதியில் இருந்தால், இன்னும் காலம் கடக்கவில்லை. வெளிப்பாடு வருவது முடிவில்தான். அடையாளத் துண்டை வைத்து மூடிவிட்டு 1951 க்குப் போங்கள். முழுவதும் வாசித்து முடித்திருந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது ஃபவுண்டேஷனின் இடம் அதில் உடையவில்லை. 'ஃபோர்வர்ட்' புத்தகத்தை மட்டும் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். இரண்டையுமே வாசித்து முடித்தவர்கள், என்னைப் போல, 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்' பக்கம் கவனத்தைத் திருப்புங்கள். அந்த நாவலின் பெரிய திருப்பத்தை முன்கதைகள் இரண்டும் தொடவில்லை. அது எனக்கும் முழுசாகக் கிடைத்தது.